எல்லைக்கல்லை நகர்த்துமுன்...



சென்ற திங்கள் பிள்ளைகளின் கண்பார்வையைப் பற்றி எழுதியிருந்தேன். இத்திங்கள் ஒரு மடிக்கணினியைப் பற்றி எழுதப் போகிறேன். "கணினி நமக்கு எதற்கு வாத்தியாரே?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது ஒரு குடும்பத்தின் கதையும்கூட.

எங்கள் கேரி தீவில் உர வேலைக்குப் போகும் அக்கா ஒருவர். கணவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி. கிள்ளான் பட்டணத்தில் வேலை செய்யும் மாமா பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. அதில் ஓடுவது லினக்ஸ். அதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா? அப்பாவின் புகைப்படங்கள், தங்கையின் காதுகுத்தில் அவர் பேசிய ஒரு சிறு படக்காட்சி, தாத்தாவின் பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்கள். படங்கள் இருந்த கைப்பேசி எப்போதோ பழுதாகிவிட்டது. ஆகவே, உலகத்தில் அந்த ஒரு பெட்டியில்தான் அவை இருந்தன.

ஒரு சனிக்கிழமை மாலை பையன் மடிக்கணினியை அணைத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"ஐயா, இதுல இருக்கிற லினக்ஸ் பழசாயிடுச்சு. புதுசா ஒண்ணும் வரமாட்டேங்குது. பள்ளிக்கூடத்து டெலிமா பக்கம் சரியா திறக்கல. வேற ஒரு லினக்ஸ் போடணும். ஆனா பழசை அழிக்கக்கூடாது. அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க."

பின்னாலேயே வந்த அக்கா, முந்தானையில் கையைத் துடைத்தபடி, "வாத்தியாரய்யா, படிப்பும் நடக்கணும், அவரு படமும் போயிடக்கூடாது" என்றார்.

நியாயமான கோரிக்கைதானே?

ஒரே அரிசி, பல சமையல்

முதலில் லினக்ஸ் என்பது என்னவென்று பார்ப்போம். கணினியைத் திறந்ததும் அதை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். பெரும்பாலோர் அறிந்தது விண்டோஸ். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் ஓர் இயங்குதளத்தின் கருவை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார். அதுதான் லினக்ஸ்.

அந்தக் கருவோடு மற்ற மென்பொருள்களைச் சேர்த்துப் பலர் பல விதமாகக் கட்டித் தருகிறார்கள். அவற்றை விநியோகங்கள் என்பார்கள். 1993-இல் தோன்றிய டெபியன், 2004-இல் வந்த உபுண்டு, 2006-இல் வந்த லினக்ஸ் மின்ட் எல்லாம் இவ்வகையே. ஒரே அரிசிதான், ஒரு வீட்டில் பொங்கல், அடுத்த வீட்டில் நாசி லெமாக். எல்லாவற்றிலும் தமிழில் படிக்கலாம், தமிழ்99 முறையில் தட்டச்சும் செய்யலாம். காசும் கேட்பதில்லை.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருக்கலாமா? தாராளமாக இருக்கலாம். தமிழ்நாட்டு அரசு 2011-இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, ஒரே வட்டில் விண்டோஸும், இந்தியாவின் சி-டாக் நிறுவனம் டெபியனிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. கணினியைத் திறக்கும்போது மாணவர் ஒன்றைத் தேர்ந்துகொள்வார். நம் பையன் கேட்டதும் அதைப் போன்றதுதான். ஆனால், அந்தக் கணினிகளில் நிலம் முதலிலேயே பிரிக்கப்பட்டிருந்தது. இங்கேயோ குடியிருக்கும் நிலத்தைப் பிரித்தாக வேண்டும். சிக்கலே அங்கேதான்!

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. புதிய விண்டோஸ் ஏறாத பழைய பெட்டிகள் பல வீடுகளில் இனி லினக்ஸுக்கு மாறலாம். ஆகவே இந்தப் பாடம் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று.

செக்ரோலும் எல்லைக்கல்லும்

கணினியின் வட்டை ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எல்லைக்கல் நடுகிறோம் அல்லவா? வட்டிலும் அப்படிப் பிரிப்பதற்குப் பாகப்பிரிவு என்று பெயர். எந்தப் பாகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது வட்டின் தலைமாட்டில் ஒரு சிறு அட்டவணையில் எழுதியிருக்கும். அது எல்லைக்கல்.

ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் எந்தக் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பது கோப்பு முறைமை. அது கிராணியாரின் செக்ரோல் புத்தகம் போன்றது. லினக்ஸில் அதிகம் வழங்கும் செக்ரோலின் பெயர் எக்ஸ்ட்-4. 2008-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

இப்போது நிலத்தைச் சுருக்க வேண்டும். முதலில் எதைச் செய்வது? எல்லைக்கல்லைப் பிடுங்கி உள்ளே நட்டுவிட்டால், வெளியே நின்றுபோன மரங்கள் செக்ரோலில் நம்முடையவை. நிலத்தில் நம்முடையவை அல்ல. அந்த இடத்தில் புதியவர் வந்து கன்று நட்டால் பழைய மரம் அழிந்தது! ஆகவே வரிசை இதுதான்: முதலில் வெளி ஓரத்தில் இருக்கும் கோப்புகளை உள்ளே நகர்த்திச் செக்ரோலைச் சுருக்க வேண்டும். பிறகே எல்லைக்கல்லை நகர்த்த வேண்டும். பெரிதாக்கும்போது இதற்கு நேர்மாறு: முதலில் எல்லை, பிறகு செக்ரோல்.

இந்த வரிசையைத் தானே சரியாகச் செய்யும் ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஜிபார்ட்டெட் என்று பெயர். அதையே பயன்படுத்தினோம்.

நான் பட்ட பாடு

"மென்பொருளே எல்லாம் செய்யும் என்றால், உடனே செய்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மழைக்கால மாலையில், நகல் எடுக்காமல், பேட்டரி செத்துப்போன ஒரு கணினியில் இதே வேலையைத் தொடங்கினேன். பாதியில் மின்சாரம் நின்றது. ஆறு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த மாணவர்களின் விளையாட்டுப் போட்டிப் படங்கள் போயின. அவற்றில் ஒரு மாணவி இப்போது உயிரோடு இல்லை. அவள் தாயார் ஒருநாள் வந்து, "ஓட்டப் பந்தயத்துல ஓடின படம் இருக்குதா சார்?" என்று கேட்டபோது நான் தலைகுனிந்து நின்றேன். குற்றம் மின்சாரத்தின் மீதன்று. நகல் எடுக்காதவன் மீது.

ஆகவே பையனிடம், "தம்பி, இன்றைக்குப் பாகப்பிரிவு இல்லை. இன்றைக்கு நகல் மட்டும்தான்" என்றேன். முகம் வாடிப்போனான். பரவாயில்லை.

முதல் நாள்: நகல்

வெளியே செருகும் வட்டு ஒன்றை நான் கொடுத்தேன். முக்கியமான கோப்புகள் எல்லாவற்றையும் அதில் நகல் எடுத்தான். அதே கணினியின் அதே வட்டில் இன்னோர் அறையில் போட்டு வைப்பது நகல் ஆகாது. வீடு எரிந்தால் பெட்டியும் சேர்ந்துதான் எரியும்.

நகல் எடுத்ததோடு முடியவில்லை. அந்த வட்டை என் கணினியில் செருகி, அப்பாவின் படங்கள் சிலவற்றையும் அந்தப் படக்காட்சியையும் திறந்து பார்த்தோம். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத சம்பளக் கவர் போன்றது!

பிறகு மூன்று சோதனைகள்.

ஒன்று, வட்டின் உடல்நலம். 'டிஸ்க்ஸ்' என்னும் மென்பொருள் வட்டு நலமாக இருக்கிறதா என்று சொல்லும். வட்டு சாகும் நிலையில் இருந்தால் பாகப்பிரிவில் கை வைக்கவே கூடாது. நகல் எடுத்துக்கொண்டு புது வட்டு வாங்குவதே வழி.

இரண்டு, செக்ரோலின் வகை. ஜிபார்ட்டெட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே எழுதியிருக்கும். எக்ஸ்ட்-4 என்றால் சுருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் என்றால் பெரிதாக்கலாமே தவிரச் சுருக்க வழியில்லை. நகல் எடுத்து, அழித்து, புதிதாக அமைப்பது ஒன்றே கதி. ஃபெடோரா 33 முதல் அதன் மேசைப் பதிப்பில் வரும் பிடிஆர்எஃப்எஸ் என்றால் அதையும் சுருக்கலாம். 'எல்விஎம்' என்றோ, 'லக்ஸ்' என்னும் பூட்டு வகையோ காட்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே பெட்டிக்குள் பெட்டி இருக்கிறது; ஒவ்வொன்றையும் முறைப்படி சுருக்க வேண்டும். பழகியவரை அழைத்து வையுங்கள்.

மூன்று, கணக்கு. வட்டின் மேல் 500 ஜிபி என்று ஒட்டியிருந்தது. கணினி காட்டியதோ 465. பையன் பதறினான். யாரும் திருடவில்லை! தொழிற்சாலை ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. கணினி 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவே வேறுபாடு. அதில் 140 நிரம்பியிருந்தது. பழையதற்கு 350 விட்டுவிட்டுப் புதியதற்கு ஏறக்குறைய 115 ஒதுக்கினோம். நிரம்பிய அளவுக்கு ஒட்டிச் சுருக்கலாமே என்றால், கூடாது. மூச்சுவிட இடம் இல்லாத இயங்குதளம் திணறும். புதியதற்கோ, உபுண்டு 25 ஜிபி கேட்கிறது. மின்ட் குறைந்தது 20 கேட்டாலும் 100 இருந்தால் நல்லது என்கிறது.

இரண்டாம் நாள்: தண்ணீர் வற்றிய நேரம்

எங்கள் தீவை ஒரு பக்கம் லங்காட் ஆறும், இன்னொரு பக்கம் மலாக்கா நீரிணையும் சூழ்ந்திருக்கின்றன. பெருநீர் ஏறும்போது தண்ணீர் நிலத்தைவிட உயர்ந்து நிற்கும். கரைமேடும் தண்ணீர்க் கதவும்தான் செம்பனையைக் காக்கின்றன. நீர் ஏறி நிற்கும் நேரத்தில் யாராவது கரைமேட்டை வெட்டுவார்களா? வற்றிய பிறகுதான் வேலை.

கணினியிலும் அப்படியே. எக்ஸ்ட்-4 பாகம் பயன்பாட்டில் இருக்கும்போது அதைச் சுருக்க முடியாது. அதாவது, லினக்ஸ் தான் நிற்கும் நிலத்தைத் தானே சுருக்க முடியாது. ஆகவே புதிய விநியோகத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் திறந்தோம். அப்போது வட்டு சும்மா இருக்கும். திறக்கும்போது 'நிறுவுக' என்பதைத் தொடாமல் 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தோம்.

அதற்கு முன் பழைய லினக்ஸை முழுமையாக அணைக்க வேண்டும். உறக்க நிலையில் வைத்துவிட்டு வேலை செய்யக்கூடாது. சார்ஜரைச் செருகி, பேட்டரியும் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். இரண்டு காவல் இருக்கட்டும்.

பின்னர் ஜிபார்ட்டெட்டில் செய்தவை இவை:

பழைய பாகத்தின் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அது பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள். 'அன்மவுண்ட்' கொடுத்து விடுவிக்க வேண்டும். ஸ்வாப் பாகத்தில் பூட்டு இருந்தால் 'ஸ்வாப் ஆஃப்'.

அடுத்து 'செக்' கொடுத்துச் செக்ரோலில் பிழை இருக்கிறதா என்று பார்த்தோம். பிழையோடு சுருக்குவது, உடைந்த ஏணியில் ஏறுவது போல.

பிறகு 'ரீசைஸ்' என்பதைத் திறந்து, வலது ஓரத்தை மட்டும் உள்ளே தள்ளினோம். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: வலது ஓரம் மட்டும்! இடது ஓரத்தைத் தொட்டால் பாகத்தின் தொடக்கமே நகரும். உள்ளே இருக்கும் அனைத்தையும் கணினி இடம் மாற்ற வேண்டும். நேரமும் அதிகம், ஆபத்தும் அதிகம், பழைய லினக்ஸ் திறக்காமல் போகவும் கூடும். புதிய அளவை எண்ணாகவும் தட்டலாம். அங்கே மெபி கணக்கு. 350-ஐ 1024-ஆல் பெருக்கி 358400 என்று பையன் தாளில் போட்டுக் காட்டினான். என் மாணவன் அல்லவா!

இதுவரை ஒன்றும் நடந்துவிடவில்லை. ஜிபார்ட்டெட் நாம் சொன்னதைக் குறித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். 'அப்ளை' கொடுத்தால்தான் வேலை தொடங்கும். அதற்குமுன் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்தோம். வட்டு சரிதானா, பாகம் சரிதானா, பென்டிரைவைத் தவறுதலாகத் தேர்ந்துவிட்டோமா?

அப்ளை கொடுத்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நடுவில் நிறுத்தக்கூடாது. எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அக்கா தேநீர் ஆற்றிக் கொடுத்துவிட்டு, கணினியைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் உடனே புதியதை நிறுவவில்லை. பென்டிரைவை எடுத்துவிட்டு, பழைய லினக்ஸையே திறந்தோம். திறந்தது. படங்கள் இருந்தன. ஒரு வேலை முடிந்து அது சரியென்று கண்ட பிறகே அடுத்த வேலை. இரண்டையும் சேர்த்துச் செய்தால், பிழை எங்கே என்று தேடும்போது தலை சுற்றும்.

மூன்றாம் நாள்: புதுக் குடித்தனம்

மறுபடியும் பென்டிரைவ். இப்போது 'நிறுவுக'. 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவு' என்று ஒரு வழி கண்ணெதிரே நிற்கும். அதைத் தொட்டால் எல்லாம் போச்சு! நாமே தேர்ந்துகொள்ளும் வழியில் போய், காலியாக இருந்த 115-இல் மட்டும் புதிய எக்ஸ்ட்-4 பாகம் அமைத்து, அதையே மூல இடமாகக் குறித்தோம். பழைய பாகத்துக்கு எதிரே 'ஃபார்மட்' என்பதில் குறி இல்லை என்று இருமுறை பார்த்தோம். கணினியைத் திறந்துவிடும் 'இஎஃப்ஐ' என்னும் சிறிய பாகத்தை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளலாம். அதையும் அழிக்கக் கூடாது.

"பழைய வீட்டு ஹோம் பாகத்தையே புதுசுக்கும் வச்சுக்கலாமா ஐயா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இரண்டு மருமகள்களுக்கு ஓர் அடுப்பைக் கொடுத்த கதைதான். ஒன்றின் அமைப்புகளை மற்றது கலைத்துவிடும். கோப்புகளை வேண்டும்போது எட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டால் போதும்.

நிறுவி முடிந்தது. கணினியைத் திறந்தோம். புதியது திறந்தது. பழையதைக் காணவில்லை!

பட்டியலே வரவில்லை. அக்கா, "படம் போயிடுச்சா வாத்தியாரய்யா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

கணினியைத் திறக்கும்போது பட்டியல் காட்டுவது கிரப் என்னும் வாயிற்காவலன். கடைசியாக வந்த லினக்ஸின் காவலனே வாசலில் நிற்பான். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், பக்கத்துப் பாகங்களில் வேறு இயங்குதளம் இருக்கிறதா என்று தேடும் வேலையை, நாம் சொன்னாலொழிய அவன் செய்வதில்லை. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். தேடச் சொல்லும் ஒரு வரியைக் கிரப்பின் அமைப்புக் கோப்பில் சேர்த்து, பட்டியலைப் புதுப்பிக்கச் சொன்னோம். மறுபடி திறந்தபோது இரண்டு பெயர்களும் வரிசையாக நின்றன. காவலனுக்குத் தெரியவில்லை என்பதால் வீடு இல்லை என்று ஆகிவிடுமா?

பழையதைத் தேர்ந்து, படக்காட்சியைத் திறந்தான் பையன். காதுகுத்து வீட்டின் இரைச்சலுக்கு நடுவே அப்பா, "பாப்பா அழுவாதம்மா, முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்கிறார். அவ்வளவுதான் அந்தப் படக்காட்சி. அக்கா மூன்று முறை போடச் சொன்னார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

சொல்ல வருவது

வாசகப் பெருமக்களே! உங்கள் வீட்டில் லினக்ஸ் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் உங்கள் கைப்பேசியிலோ கணினியிலோ ஒரே ஒரு நகலாக ஏதாவது ஒன்று இருக்கும். பாட்டியின் குரல், அப்பாவின் படம், பிறப்புப் பத்திரம். தோட்டத்து மக்களாகிய நாம் காகிதங்களால் பட்டபாடு கொஞ்சமா? ஒரு பத்திரம் தொலைந்ததால் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்களை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்களானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: இன்றிரவே ஒரு நகல் எடுத்து, அதை இன்னொரு கருவியில் திறந்து பாருங்கள். பிள்ளைகள் கணினியில் கை வைக்க ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். நகல் எடுத்த பிறகு எதையும் துணிந்து கற்கலாம், பிழையிலிருந்தும் கற்கலாம்.

அந்த வெளிவட்டை நான் திரும்பக் கேட்கவில்லை. அது இப்போது அக்கா வீட்டுச் சாமி அலமாரியில், அவர் கணவரின் மாலையிட்ட படத்துக்குக் கீழே இருக்கிறது. இருக்கட்டும்.

மீண்டும் அடுத்த திங்கள் சந்திப்போம். வணக்கம்.